நாற்பத்து மூன்று கூடுதல் வரிசைகள்

மெத்தை கம்பெனியில் மொத்தம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு நான்கு பதில்கள் இருந்தன. ஆலை ஒரு எண்ணைச் சொன்னது. விற்பனைப் பிரிவு இன்னொன்றைச் சொன்னது. சம்பளப் பிரிவு மூன்றாவதைச் சொல்லி, அதன் மேல் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தது. வாயில் காவலர் தன் நோட்டைப் புரட்டி நான்காவதைச் சொன்னார். இயக்குநர் ஒரு கூட்டத்தில், "நாம மெத்தை செய்யறோமா, புதிர் போடறோமா?" என்று கேட்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது.

பணியாளர் விவரங்கள் எல்லாம் ஒரு வருடமாகவே கிளவுடில் இயங்கும் ஒரு எச்.ஆர். மென்பொருளில் ஏறியிருந்தன. கம்பெனியின் அறிக்கைகளும் வரைபடங்களும் தயாராவது வேறொரு மென்பொருளில். இரண்டையும் நேராக இணைத்துவிட்டால் யாரும் யாரிடமும் எக்செல் ஷீட்டுக்காகக் கையேந்தி நிற்க வேண்டாம். காலையில் தானாகவே புது எண்ணிக்கை வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த வேலை மூன்றாம் மாடியில் இருந்த சார்ட் மேடத்தின் தலையில் விழுந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இயக்குநர் முன்னால் காட்ட வேண்டும்.

சார்ட் மேடம் என்பது ஆபீஸ் வைத்த பெயர். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கணவன் அதே வளாகத்தில், ஆலைக் கட்டடத்தின் தையல் கூடத்தில் ஷிப்ட் சூப்பர்வைசர். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் எண் 1186, அவன் எண் 1187. அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வரிசையில் நின்றபோது ஆரம்பித்த பேச்சு கல்யாணத்தில் முடிந்து ஆறு வருடமாகிறது.

அந்தப் பேச்சுதான் இப்போது மூன்று வாரமாக நின்றுபோயிருந்தது. அவனுடைய அக்கா குடும்பத்தோடு சாப்பிட வந்த அன்று சோபா வாங்குவதைப் பற்றி ஏதோ விவாதம். அவன் வழக்கம்போல், "உனக்கு எது பிடிக்குதோ அதையே வாங்கிக்கலாம்" என்றான். அவள் நாத்தனாரைப் பார்த்து, "அண்ணி, உங்க தம்பி கல்யாணம் ஆனதுல இருந்து சொந்தமா ஒரு முடிவாவது எடுத்திருக்காரா, கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுநாளிலிருந்து அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் தகவல்கள்தான். பால் தீர்ந்துவிட்டது. சாவி ஆணியில் இருக்கிறது. நாளைக்குக் காலை ஷிப்ட். வானிலை அறிக்கை வாசிப்பவர்கூட இன்னும் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுவார்.

புதன்கிழமை காலை அவள் இணைப்பைத் தொடங்கினாள். அவசரத்தில் தன் சொந்த லாகினையே போட்டுப் பார்த்தாள். இணைப்பு உடனே கிடைத்தது. வந்த வரிசைகள் ஒன்பது.

யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்பதைத் திறந்து மூடுகிறவர் கணினிப் பிரிவின் மூத்த ஊழியர். அதனாலேயே அவருக்கு சாவி அண்ணன் என்று பெயர். அவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஒன்பது பேரை வச்சு இவ்வளவு மெத்தை செய்யறோம்னா இயக்குநர் சந்தோஷப்படுவாரும்மா."

"கிண்டல் அப்புறம் பண்ணலாம்ண்ணே. ஏன் ஒன்பதுதான் வருது?"

"நீ யாரா உள்ள போறியோ, அவங்க கண்ணுக்குத் தெரியறதுதான் வரும். நீ, உன் கீழ எட்டுப் பேர். அவ்வளவுதான் உன் உலகம். மெஷினுக்குன்னு தனியா ஒரு கணக்கு போட்டுத் தரேன். அதுக்கு மொத்தப் பேரும் தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து."

அது ரகசியக் காப்பு உறுதிமொழி. வேலைக்காகப் பார்ப்பதை வேலைக்கு மட்டுமே பயன்படுத்துவேன். நெருங்கிய உறவினரின் பதிவு கண்ணில் பட்டால் அன்றைக்கே எச்.ஆருக்கு எழுதித் தருவேன். அவள் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள். தனக்கு அது தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

வியாழன் காலை எட்டரைக்குப் புதுக் கணக்கு தயாரானது. இந்த முறை 2314 வரிசைகள் வந்தன. சம்பளப் பிரிவு சத்தியம் பண்ணிய எண் 2271. நாற்பத்து மூன்று கூடுதல். பதினொரு மணிக்கு இயக்குநர் முதலில் கேட்கப் போவது இதைத்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எச்.ஆர். மென்பொருளில் ஒருவருக்கு ஒரு பதிவு என்பது கிடையாது. பதவி உயர்வோ, மாற்றலோ, விலகலோ, எதுவானாலும் அது எந்தத் தேதியிலிருந்து என்று குறித்துப் புதிதாக ஒரு வரிசை சேர்ந்துகொள்ளும். அடுத்த மாதம் நடக்க வேண்டியது இன்றைக்கே அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கும். இணைப்பில் 'இன்றைய தேதி நிலவரப்படி' என்று கேட்க அவள் விட்டுவிட்டாள். கேட்காததால் அது இன்றைய நிலவரத்தோடு இனி நடக்கப் போவதையும் சேர்த்து அள்ளிக் கொட்டியிருந்தது.

அந்த நாற்பத்து மூன்றையும் தனியாகப் பிரித்து எண் வரிசைப்படி அடுக்கினாள். எல்லாம் வருங்காலத் தேதிகள்தானா என்று மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாள். பன்னிரண்டாவது வரிசையில் கண் நின்றது.

1187. இரண்டாம் ஆலை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல். காரணம்: சொந்த வேண்டுகோள். நிலை: ஒப்புதல் ஆயிற்று.

இரண்டாம் ஆலை ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவு.

அவள் இன்னொரு முறை படித்தாள். சொந்த வேண்டுகோள். கம்பெனி அனுப்பவில்லை, அவனாகக் கேட்டிருக்கிறான். கேட்டு, ஒப்புதல் வாங்கி, அதற்குப் பிறகும் நேற்று சாயங்காலம் பால் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறான். விட்டுப் போகிற மனிதர் பாலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதற்கு அடுத்த நினைப்பு அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

மணி ஒன்பதரை. அவள் தேதிக் கட்டுப்பாட்டைச் சேர்த்தாள். மறுபடி இழுத்தாள். 2271. நாற்பத்து மூன்று வரிசைகளும் திரையிலிருந்து போய்விட்டன, 1187-இன் இரண்டாவது வரிசையும் சேர்ந்து. இனி அவன் போகிறானா இல்லையா என்பதை அந்த அறிக்கை ஒன்றாம் தேதிவரை அவளுக்குச் சொல்லாது.

பதினொரு மணிக் கூட்டம் நன்றாகவே நடந்தது. இயக்குநர் 2271-ஐப் பார்த்தார், சம்பளப் பிரிவைப் பார்த்தார், சம்பளப் பிரிவு தலையை ஆட்டியது. அவள் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். குரல் எங்கேயும் பிசகவில்லை. சாவி அண்ணன் மட்டும் வெளியே வந்ததும், "ஜெயிச்சவ முகம் மாதிரி இல்லையேம்மா" என்றார்.

அவளுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்றும் தெரியாதவள் போல வீட்டில் பேச்சுக் கொடுத்து அவன் வாயைக் கிளறலாம். பேசாமல் இருந்து ஒன்றாம் தேதிவரை அவனுக்கு அவகாசம் கொடுக்கலாம். அல்லது கையெழுத்துப் போட்டபடி எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தால், உன் பதிவை உன் மனைவி பார்த்தாள் என்று அவனுக்குத் தானாகவே தகவல் போய்விடும். முதல் இரண்டிலும் அவள் நடிக்க வேண்டியிருந்தது. அவளுக்கு நடிக்க வராது. படிவத்தை எடுத்துக்கொண்டு எச்.ஆர். தலைவியின் அறைக்குப் போனாள்.

எச்.ஆர். தலைவியை அவர் காதுபடாமல் எல்லோரும் பெரியம்மா என்பார்கள். அவருக்கும் அது தெரியும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிவத்தைப் படித்தார்.

"எப்படிப் பட்டது கண்ணுல?"

"தேதி போட மறந்துட்டேன் மேடம். வருங்காலப் பதிவெல்லாம் வந்துடுச்சு. இப்ப சரி பண்ணியாச்சு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

பெரியம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தினார். "இதப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாது. அது அவரோட விஷயம். ஆனா உன் விஷயம் ஒண்ணு கேக்கறேன். தரவுப் பிரிவுத் தலைமைக்கு ஆள் கேட்டிருந்தோமே, நீ ஏன் விண்ணப்பம் போடல? நாளைக்குக் கடைசி நாள்."

"விதிதான் மேடம். எல்லார் சம்பளமும் பாக்கற இடம். கணவனோ மனைவியோ அதே வளாகத்துல இருக்கக் கூடாதுன்னு போட்டிருந்துதே."

"ம்" என்றார் பெரியம்மா. அந்த 'ம்' கொஞ்சம் நீளமாக இருந்தது. அதிலிருந்து அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மதியம் ஒன்றரைக்குக் கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது எதிர் நாற்காலி இழுபட்டது. அவன். சட்டைத் தோளில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. கைப்பேசியைத் திருப்பி அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். பெரியம்மா அலுவலகத்துத் தானியங்கிக் கடிதம்.

"என்னை வேவு பாக்கறியா?"

"இல்ல. நாற்பத்து மூணு பேர்ல நீங்களும் ஒருத்தர்."

"மத்த நாற்பத்து ரெண்டு பேருக்கும் இப்படிக் கடிதம் போயிருக்கா?"

"அவங்க யாரும் எனக்குத் தாலி கட்டல."

பக்கத்து மேஜையில் யாரோ இருமினார்கள். அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "சாப்பிடு. ஆறிடும்."

"போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீங்க? ரயில் ஏறினப்புறமா?"

"நீதானே சொன்ன, சொந்தமா ஒரு முடிவாவது எடுத்திருக்காரான்னு. எடுத்தேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியாமல் போனது.

"அதுக்காக ஊரை விட்டே போவீங்களா?"

"அதுக்காக மட்டும் இல்ல. ஆலை நோட்டீஸ் போர்டுலயும் அந்தத் தலைமைப் பதவி விளம்பரம் ஒட்டியிருந்தாங்க. உன்னை விட்டா அதுக்கு இங்க யாரு இருக்கா? நான் இந்த வளாகத்துல இருக்கறதுதானே இடைஞ்சல். அங்க குவார்ட்டர்ஸ் தராங்க. சனிக்கிழமை வந்துட்டு ஞாயிறு ராத்திரி போயிடலாம்."

"நான் அந்த வேலையைக் கேட்டேனா?"

"கேக்கலைன்னு எங்கிட்டச் சொன்னியா? விளம்பரம் வந்து ரெண்டு வாரம் ஆகுது. வீட்டுல அதைப் பத்தி ஒரு வார்த்தை வரல. நீயே வேண்டாம்னு முடிவு பண்ணி, நீயே அதை மூட்டை கட்டி வச்சுட்ட."

அவள் தண்ணீர் குடித்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எனக்காகவா, எங்கிட்ட இருந்து தப்பிக்கவா?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். யோசித்துச் சொன்னதாலேயே அவள் நம்பினாள். "ரெண்டும்தான். பாதி உனக்காக. பாதி, நாலு நாளாவது யாரும் சிரிக்காத இடத்துல இருக்கலாமேன்னு."

"அண்ணி முன்னாடி அப்படிச் சொன்னது தப்புதான்."

"தப்புதான்" என்று அவனும் ஒப்புக்கொண்டான், யாரோ மூன்றாம் மனிதரின் தவறைப் பற்றிப் பேசுவதுபோல.

"ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே கேக்கறது."

இரண்டு மணிச் சங்கு ஊதியது. அவன் எழுந்தான். போகலாமா, இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தெரியாதவனாக ஒரு நிமிடம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான்.

அவள் மாடிக்குப் போகிற வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். அவளுடைய மூளை அப்படிப்பட்டது. மூன்று மணிக்குப் பெரியம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், அந்த மெஷின் கணக்குல இருந்து சம்பள விவரங்களை எடுத்துட்டா? நான் ஆள் எண்ணிக்கை, வருகை, மாற்றல், இதெல்லாம் மட்டும் பாக்கறேன். சம்பள அறிக்கையைச் சம்பளப் பிரிவே வச்சுக்கட்டும். அப்ப அந்த விதி பொருந்தாதே."

பெரியம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "பொருந்தாது. இயக்குநர் ஒத்துக்குவார், இன்னிக்கு உன் அறிக்கையைப் பாத்தப்புறம் எதுக்கும் ஒத்துக்குவார். ஆனா சம்பளம் இல்லாத தலைமை பாதித் தலைமைதான். கிரேடு ஒரு படி கீழ. அப்புறம் மேல ஏறறது கஷ்டம்."

"பரவாயில்ல மேடம். விண்ணப்பம் குடுங்க, இப்பவே எழுதிடறேன். அவரும் மாற்றலைத் திரும்ப வாங்கிக்கட்டும். அது உங்களால முடியும்தானே?"

"ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி எப்ப வேணா திரும்ப வாங்கலாம். அவர் கேட்டா." பெரியம்மா விண்ணப்பத்தாளை எடுத்து நீட்டினார். அவள் பேனாவைத் திறந்தாள். "அவருக்கு இந்த ஏற்பாடு சம்மதம்தானே?"

அவள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருந்தாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

"அவர்கிட்ட இன்னும் கேக்கல" என்றாள்.

பெரியம்மா மேஜையில் கிடந்த மற்றக் காகிதங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அது அவர் செய்த பெரிய உதவி. அவள் தாளை இரண்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு நாலு மணி வரைக்கும் வாங்கிக்குவேன்" என்றார் பெரியம்மா, நிமிராமலே.

தையல் கூடத்துக்குள் அவள் வந்து இரண்டு வருடமிருக்கும். பத்தடி அகல மெத்தைத் துணிகள் உருளைகளிலிருந்து இறங்கி, நூற்றுக்கணக்கான ஊசிகளுக்கு அடியில் போய், மறுபக்கம் பூப்போட்டு வந்துகொண்டிருந்தன. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அவன் கோடியிலிருந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நூல் மாற்றுகிறவர்களோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் என்னமோ ஏதோ என்று வேகமாக வந்தான். இருவரும் கூடத்தின் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். அங்கேயும் சத்தம் முழுதாக விடவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஒண்ணு கேக்கணும்."

அவன் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான். "கேக்கறியா, சொல்றியா?"

"கேக்கறேன்" என்றாள் அவள். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்."

அவன் ஒரு காதிலிருந்து அடைப்பானை எடுத்தான். பிறகு, சற்று யோசித்து, இன்னொரு காதிலிருந்தும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சொல்லு" என்றான். "எனக்குப் பத்து நிமிஷம் இருக்கு."