மொட்டைமாடி அறைக்கு இரண்டாவது ஆள்

உப்பு என்பது கடைக்குப் போய் வாங்க வேண்டிய ஒரு பொருள் என்று, கடுகு என்று எல்லாரும் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு உறைத்தபோது சோறு வெந்து இறங்கியிருந்தது. அவள் வளர்ந்த அநாதை இல்லத்தில் உப்பு எப்போதும் இருந்தது. சமையலறை மூலையில், இடுப்புயர வாளியில், சுவர் இருப்பதைப் போல, குழாய் இருப்பதைப் போல அதுபாட்டுக்கு இருந்தது. நாற்பது பேர் சாப்பாட்டுக்கு எத்தனை கை போட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒருத்திக்கு எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு உப்பில்லாமலே சாப்பிட்டாள். மறுநாள் பார்த்தால் விளக்குமாறு இல்லை. அதற்கு மறுநாள் பல்பு போய்விட்டது. வாடகைதான் வீடு என்று நினைத்திருந்தாள். வாடகையைக் கொடுத்து உள்ளே வந்த பிறகு வாளி, குவளை, கத்தி, தீப்பெட்டி என்று ஒவ்வொன்றும் வரிசையில் நின்று கையை நீட்டின.

பதினெட்டு முடிந்தால் இல்லத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அதுதான் அங்கே சட்டம். போகும்போது கையில் ஒரு தொகை கொடுப்பார்கள். கடுகுக்குக் கொடுத்தது அப்படியே இந்த மொட்டைமாடி அறையின் அட்வான்ஸுக்குப் போனது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃப்ரேமுக்கு ஏற்றபடி கண்ணாடியைத் தேய்த்து உட்கார வைத்து, அரிசியில் பாதி இருக்கும் திருகாணியை முடுக்க வேண்டும். உருவம்தான் கடுகு; கை நடுங்காது. கடைக்காரருக்கு அது போதும். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரக்காவுக்கு அது போதவில்லை. சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"ஒரே ஆளுன்னாதான் ரூம். மோட்டார் போட்டா பாதி டேங்க் ஏறுறதுக்குள்ள தண்ணி நின்னுடுது. நாளைக்கு அக்கா வந்தா, தங்கச்சி வந்தான்னு நிக்கக் கூடாது."

"எனக்கு அப்படி யாரும் இல்லக்கா" என்றாள் கடுகு.

அது பாதிதான் உண்மை. ஏணி இருந்தாள். இல்லத்தில் பக்கத்துக் கட்டில். பரண்மேல் எது இருந்தாலும் எக்காமல் எடுப்பதால் ஏணி. இவளைவிட நாலு மாதம் சின்னவள். "நான் முன்னாடி போய் இடம் புடிச்சு வைக்கிறேன், நீ பின்னாடியே வந்துடு" என்று, பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு வைப்பதைப் போலச் சர்வசாதாரணமாகக் கடுகு அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அந்த நாலு மாதமும் கேட்காமலேயே கழிந்தது. இன்றைக்குக் கேட்டே விடுவது என்று படியிறங்குவாள். வீட்டுக்காரக்கா துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா?" என்பாள். "ஒண்ணுமில்லக்கா, மோட்டார் போடட்டுமான்னு கேக்க வந்தேன்" என்று வாயில் வரும். இப்படியே மோட்டார் போட்டுப் போட்டு, பொறுப்பான பொண்ணு என்று பெயர் வேறு வாங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணி ஒரு தகரப்பெட்டியோடு வந்து நின்றாள். அறை வாசலில் குனிந்து நுழைந்து, நாலு சுவரையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"குளிக்கிற ரூமுக்குத் தாப்பா இருக்காடி?"

"இருக்கு."

போய்ப் போட்டுக்கொண்டவள் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது. இல்லத்தில் தாழ்ப்பாள் கிடையாது, ஒருத்தி தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதே அடுத்தவள் கதவைத் தட்டுவாள். கடுகுக்கு அது தெரியும். அதனால் அவளும் தட்டவில்லை. தட்டியது வீட்டுக்காரக்கா, அறைக் கதவை.

"கீழ சொட்டுத் தண்ணி வரல. என்ன பண்றே?" என்றவள், ஈரத்தலையோடு வெளியே வந்த ஏணியைப் பார்த்தாள். "இது யாரு?"

"ஃப்ரெண்டுக்கா. ரெண்டு நாள்ல போயிடுவா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏணி தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரக்கா போன பிறகும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டு நாளும் நன்றாகவே பேசினாள், சிரித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று கடுகுக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் கடுகு சாப்பிட வந்தபோது அறை கூட்டிப் பெருக்கியிருந்தது. தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. பெட்டி இல்லை. இரண்டு நாள் என்று அவள் சொன்னதை ஏணி கணக்காகக் காப்பாற்றியிருந்தாள்.

கடைக்குப் போன் போட்டு வரமுடியாது என்று சொல்லிவிட்டு ஓடினாள். பஸ் ஸ்டாண்டில் இல்லை. பெண்கள் விடுதியில், காலையில் நெட்டையாக ஒரு பெண் வந்ததாகவும், அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் போய்விட்டதாகவும் சொன்னார்கள். அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. இல்லத்துக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில், பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஏணி உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போகலையா?"

"போனேன். நல்லாத்தான் பேசினாங்க. தண்ணி குடுத்தாங்க." பெட்டியின் கைப்பிடியை நிமிர்த்திவிட்டாள். "விருந்தாளிக்குக் குடுக்கிற டம்ளர்ல."

கடுகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் கட்டில்ல புதுசா ஒரு பொண்ணுடி. ஏழு வயசு இருக்கும். படுத்தா பாதிக் கட்டிலுக்குக்கூட வரமாட்டா. அவள எந்திரின்னா சொல்ல முடியும்?"

"நான் அந்தக்காகிட்ட கேக்கவே இல்லடி" என்றாள் கடுகு. "நாலு மாசமா. இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா? என்னையும் சேத்து வெளிய போன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல."

"உன்கிட்ட சொல்றதுக்குத்தான் ரொம்பப் பயம்."

ஏணிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகையும் வந்தது. ஒரு பஸ் வந்து நின்று, இவர்கள் ஏறுவார்களா என்று பார்த்துவிட்டுப் போனது. அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள்.

வீட்டுக்காரக்கா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும் நேரம். இன்னொரு படி ஏறினால் தைரியம் போய்விடும் என்று கடுகு நின்ற இடத்திலேயே ஆரம்பித்தாள்.

"அக்கா, அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். இவ ரெண்டு நாளைக்கு வரல. இவளுக்குப் போக இடமில்ல. எனக்கும் இவள விட்டா ஆளில்ல. தண்ணி அளந்து செலவு பண்றோம். இவளுக்கு வேலை கிடைச்சதும் வாடகைய கூட்டித் தர்றோம். முடியாதுன்னா சொல்லிடுங்க, ரெண்டு பேருமே போயிடறோம்."

கடைசி வாக்கியத்தை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது.

வீட்டுக்காரக்கா அவளை விட்டுவிட்டு ஏணியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எப்பவுமே குளிக்க அரைமணி நேரம் ஆகுமா உனக்கு?"

"இல்லக்கா. குளிச்சது அஞ்சு நிமிஷம்தான். குழாயத் திறந்துவிட்டுட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

"எதுக்கு?"

"யாரும் கதவத் தட்டல" என்றாள் ஏணி. "அதான்."

வீட்டுக்காரக்கா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சாயங்காலம் அவரு வரட்டும். பேசிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பெட்டிய நடுவழியில வைக்காதீங்க, யாராவது தடுக்கி விழப்போறாங்க. மேல கொண்டுபோங்க."

மேலே கொண்டுபோகச் சொன்னால் சரி என்றுதான் அர்த்தம் என்றாள் ஏணி. தடுக்கி விழக்கூடாது என்றுதான் அர்த்தம் என்றாள் கடுகு. அந்தச் சண்டை தீர்வதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்து, பெரிய பெரிய துளிகளாக மொட்டைமாடியில் விழ ஆரம்பித்தது. கொடி நிறைய வீட்டுக்காரக்காவின் துணி. இரண்டு பேரும் பாய்ந்தார்கள். ஏணி உயரத்திலேயே கிளிப்புகளைப் பிடுங்கித் துணிகளை உருவிப் போட, கடுகு கீழே கையை விரித்து வாங்கிக்கொண்டாள். மொத்தத்தையும் அணைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடி வந்தபோது இவர்கள்தான் நனைந்திருந்தார்கள், துணி நனையவில்லை.

கீழ்வீடு பூட்டியிருந்தது. அதனால் படியிலேயே உட்கார்ந்தார்கள். ஓர் ஆளின் பெரிய சட்டைகள், பூப்போட்ட நைட்டிகள், பட்டன் ஒன்று குறைந்த பள்ளிக்கூடச் சட்டை. இன்னும் வெயிலின் சூடு இருந்தது. ஒரு குடும்பத்தின் துணியை அவர்கள் இப்படி மடியில் வைத்துக்கொண்டதே இல்லை. ஏணி ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். இல்லத்தில் மடிப்பதைப் போல அளவு பார்த்து அடுக்காமல், யாருடையது எது என்று பார்த்துத் தனித்தனியாக வைத்தாள்.

தெருமுனையில் வீட்டுக்காரக்கா தெரிந்தாள். பள்ளிக்கூடப் பையைப் பிள்ளையின் தலைக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வாசலுக்கு வந்ததும் சாவியைத் தேடவில்லை. கொட்டுகிற மழையில் நின்று, துணி என்ன ஆனதோ என்று மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தாள். அங்கே வெறும் கொடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.