ஒரே பெயரில் இரண்டு குழாய்கள்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை, நாத்தனாரிடமிருந்து பிடுங்கியது. மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். இதில் அறுவைக்குக் காத்துப் படுத்திருந்தவள் நான். ஆகவே நடுநிலைமை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

2

'யூனிக்ஸ் இயந்திரங்கள் பலவகைப்படும்; அவற்றுள்...' சே, பாடப்புத்தகம்! அடித்துவிட்டேன்.

கீழே பரிசோதனைக்கூடத்தில், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு பழைய கணினி. மாடியில், அறுவை அறை வாசலில், வேறொரு கம்பெனியின் புது யூனிக்ஸ். இரண்டும் நெட்வொர்க் வழியே ஒரே ஃபோல்டரைப் பார்க்கும். அதற்குள் நாத்தனார் ஒரு குழாய்க் கோப்பு வைத்தாள். (அது எதையும் சேமித்து வைக்காது. ஒரு முனையில் ஊற்றினால் மறுமுனையில் வரும்.) ரத்தப் பொருத்த முடிவு கீழிருந்து மாடித் திரைக்கு வர வேண்டும். சோதித்தும் பார்த்தாள், வந்தது.

3

என் அறுவை அன்று வரவில்லை.

"என்னம்மா, ரிசல்ட் எங்க? டாக்டர் கையுறை மாட்டிட்டு நிக்கிறார்!" மாடியிலிருந்து நர்ஸ், கீழே பரிசோதனைக்கூடத்தில் இருந்த நாத்தனாரிடம் போனில் கத்தினார்.

"அனுப்பியாச்சு சிஸ்டர்."

"இங்க ஒண்ணும் வரலையே!"

கீழ்க் கணினி கொடுக்கக் காத்திருந்தது, மாடிக் கணினி வாங்கக் காத்திருந்தது. பிழைச்செய்தி என்று ஒரு வார்த்தை இல்லை. கோப்பைத் திறக்கும் அனுமதியைப் பார்த்தாள், கேபிளைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்கு. 'அவள் நெஞ்சு படபட...' வேண்டாம். கண் மின்னியிருக்கும். எனக்குத் தெரியாதா அவளை!

கடைசியில் பிடித்துவிட்டாள். சோதித்த அன்று இரு முனைகளையும் கீழ்க் கணினியிலேயே திறந்திருந்தாள். ஃபோல்டரில் பொதுவாக இருப்பது பெயர் மட்டும். குழாய் அந்தந்தக் கணினியின் நினைவகத்துக்குள். ஒரே பெயரில் இரண்டு குழாய்கள், இரண்டும் அரைகுறை: கீழே ஊற்றும் முனை மட்டும், மாடியில் வாங்கும் முனை மட்டும். "அட!" என்று அவள் கைதட்டியபோது, நர்ஸ் மூச்சிரைக்க இறங்கிவந்து, மேஜையில் அச்சாகிக் கிடந்த முடிவுச் சீட்டைப் பறித்துக்கொண்டு ஓடினார்.

4

பிழைத்துக்கொண்டேன். எழுதுகிறேனே!

"ஏம்மா, சீட்டு பக்கத்துலயே கிடந்துச்சே. நீயே எடுத்துட்டு ஓடி வந்திருக்கலாமே?"

"ஏன் போகலைன்னு தெரியாம எப்படி அண்ணி எழுந்திருக்கிறது?"

"படுத்திருக்கிறது நான்னு தெரியுமா உனக்கு?"

"இப்ப சாதா ஃபைலா மாத்திட்டேன் அண்ணி. நல்லா போகுது," என்றாள்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, அந்தக் குழாய் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். வெட்கக்கேடு.

5

முடிவு (அ): படுத்திருப்பது நான் என்று அவளுக்குத் தெரியாது. மன்னிக்க ஒன்றுமில்லை.

முடிவு (ஆ): சீட்டில் என் பெயரைப் பார்த்தாள். பார்த்த பிறகும் திரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்...

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறாள். இதைப் படிக்காமல் போகமாட்டாள். இரண்டு முடிவில் எதை அடித்துவிடுவது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், கதைக்கு (ஆ)தான் நன்றாக இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது.