முன்னால் நின்ற சைபர்

1996-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, பிரிக்பீல்ட்ஸில் இருந்த கந்தையாவின் வீடு முப்பது கிலோமீட்டர் தள்ளி, கிள்ளானுக்குப் போய்விட்டது. அன்றைக்குச் செலாயாங் சந்தையில் தக்காளி கிலோ ரெண்டு வெள்ளி இருபது காசு. கந்தையா தயிர் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், மகள் குணேஸ்வரியின் கல்யாணத்துக்காக அன்று காலைதான் வாசலில் நட்ட கன்னிக்கால் மட்டும் வெறும் தரையில் நிற்கிறது. வீட்டுக்குள் கடுகு தாளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நேசம்மாவுக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியவில்லை. சேற்று வாடை வருகிறதே என்று ஜன்னலைத் திறந்தாள். எதிரே கிள்ளான் ஆறு. "இது வேறயா!" என்று அடுப்பை அணைத்துவிட்டு, பழைய வீட்டுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போன் போட்டாள். "அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க அண்ணே. வீடு கிள்ளான்ல இருக்குன்னு சொல்லுங்க."

கல்யாணம் சனிக்கிழமை. வீட்டோடுதான் நடத்துவதாகப் பேச்சு. ஈப்போவிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் போனில் ஒரே பிடியாக நின்றாள்: கால் நட்ட வாசலில்தான் தாலி, நட்ட காலைப் பிடுங்கினால் சம்பந்தமே வேண்டாம். கால் பிரிக்பீல்ட்ஸில், வாசல் கிள்ளானில். என்ன செய்வார் மனுஷன், சொல்லுங்கள் கண்ணுகளா. செவ்வாய் முழுக்க ஒரு ஆபீஸ். "பைல்ல உங்க வீடு கிள்ளான்ல இருக்கு அங்கிள், அங்க போய்க் கேளுங்க." புதன் முழுக்க கிள்ளானில் இன்னொரு ஆபீஸ். "அட்ரஸ் பிரிக்பீல்ட்ஸ்தானே, இங்க ஏன் வந்தீங்க?" அங்கே ஒரு விண்ணப்பப் பாரமும் கொடுத்தார்கள். வீடு காணாமல் போனதற்கு அத்தாட்சியாக, காணாமல் போன வீட்டின் முன்னால் வீட்டுக்காரர் நிற்கும் படம் மூன்று ஒட்ட வேண்டுமாம். கொமுட்டர் ரயிலில் போய் வந்து அவர் கால் வீங்கிவிட்டது. நேசம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வாய் மட்டும் ஓயவில்லை. "முப்பது வருஷம் கவுன்டர்ல உக்காந்து, பைல்ல இல்லைன்னா இல்லைன்னு சொன்னது யாரு? அதைத்தானே இப்ப உங்ககிட்டயே சொல்றாங்க." அரசாங்க ஆபீஸில் அவர் அப்படிச் சொல்லித்தான் ஓய்வூதியம் வாங்குகிறார்.

வியாழக்கிழமை யாரோ சொல்லி, ஊருக்குள் கணக்கெடுப்பு இலாகா இருந்த ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு ஏறினார். அங்கே ஹபீபா இருந்தாள். மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். திங்கட்கிழமை காலை போன் கம்பி வழியாக மக்கள் கணக்கெடுப்புக் கோப்பைக் கணினியில் இறக்கியவளும் அவளேதான். அவள் சலித்துக்கொள்ளாமல் பழைய காகிதப் பட்டியலையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க வட்டாரத்துக்கு நம்பர் 07314. அதுல மத்த வீடெல்லாம் ரோட்டுக்காக இடிச்சிட்டாங்க, உங்களுது ஒண்ணுதான் மிச்சம். கம்ப்யூட்டர் அதைத் தொகைன்னு நெனச்சு முன்னால உள்ள சைபரைத் தின்னுடுச்சுலா. வெறும் 7314-ன்னா கிள்ளான் ஆத்தங்கரையில ஒரு காலி நிலம்."

"சைபருக்கு ஒரு மதிப்பும் இல்லையே பிள்ளை."

"தொகைக்குத்தான் இல்லை. இது பேர் மாதிரி அங்கிள். பேர்ல ஒரு எழுத்தை எடுத்தா வேற ஆளு ஆயிடும்."

இது தொகையல்ல, எழுத்து என்று கணினிக்குச் சொல்ல, முன்னால் ஒரு சின்ன மேற்கோள் குறி போட்டு, சைபரைத் திரும்ப அடித்தாள். அன்று நாலு பத்துக்கு வீடு கன்னிக்காலுக்குப் பின்னால் வந்து அமர்ந்தது. நாலு இருபதுக்கு மறுபடி போய்விட்டது. கோப்பு பதினோரு ஆபீஸுக்குப் பிரதியாகப் போயிருந்தது. எவன் எங்கே திறந்தாலும் சைபர் விழும், வீடு போகும். ஹபீபா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஹபீபா விடியுமுன் வந்து சைபரைத் திரும்ப அடித்தாள். ஆபீஸ்கள் திறக்கத் திறக்கப் பதினோரு இடத்துக்கும் பேசி, மதியம் வரை அந்தக் கோப்பை யாரும் தொடக்கூடாதென்று கெஞ்சினாள். சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். ஆனாலும் காலையில் வீடு பிரிக்பீல்ட்ஸில் இருந்தது. கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. போனைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பதினொன்று முப்பத்தைந்துக்கு, கால் நட்ட வாசலில், குணேஸ்வரி கழுத்தில் தாலி ஏறியது. பதினொன்று நாற்பதுக்கு, பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு ஆபீஸில் பொறுமையில்லாத எவனோ கோப்பைத் திறந்துவிட்டான்.

சம்பந்தியம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். ஆறு ஓடியது. "தாலி கட்டியாச்சுதானே" என்று உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டாள். சாப்பிட்டவர்கள் கிள்ளானில் ரயிலேறி வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஹபீபாவுக்கு ஒரு பெரிய பொட்டலம் போனது.

அதற்கப்புறம் மாதத்துக்கு மூன்று தடவையாவது வீடு போய் வரும். போகும் நாளில் நேசம்மா கிள்ளானிலேயே காய் வாங்கிக்கொள்வாள். விலை மலிவு என்பாள். இரண்டு வருஷம் கழித்து, பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கும் அழைப்பிதழில் இரண்டு முகவரியும் அச்சடித்தார்கள். அடியில் ஒரு வரி: அன்று காலை ஹபீபாவுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு புறப்படவும்.