பால்குடத்துக்குள் வைத்த பேப்பர்

என் ஆன்லைன் கடைக்கு வந்த ரிவியூவில் ஒரே ஒரு ஸ்டார். அதற்குக் கீழே ஒரு படம். புத்தம்புதிய எவர்சில்வர் பால்குடம், பக்கத்தில் கசங்கிய தமிழ்ப் பேப்பர், அதில் மாலை போட்ட ஒரு பெரியவரின் முகம். "சாமிக்கு எடுக்குற கொடத்துக்குள்ள கருமக்கிரியை அறிவிப்ப வச்சு அனுப்பியிருக்காங்க. இந்தக் கடையில யாரும் வாங்காதீங்க" என்று ஈப்போவிலிருந்து ஜெயலெட்சுமி என்பவர் எழுதியிருந்தார்.

படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. பினாங்கில், சுங்கை பினாங் ஃபிளாட்டில் எங்கள் ஹால் முழுக்கப் பால்குடங்கள்தான். நானும் என் வீட்டுக்காரர் லாரன்ஸும் கத்தோலிக்கர்கள். "ஞாயித்துக்கெழம பூசைக்கு வர்ற, திங்கக்கெழம பால்குடம் விக்கிற, ஜோவான்" என்று மாதா கோயிலில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. விற்றால் என்ன? என் குடம் ஒழுகாது. ஷாப்பிங் ஆப்பில் பால்குடம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது என் கடைதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"ஏங்க, இங்க வாங்க" என்றேன். லாரன்ஸ் கையில் டேப்போடு வந்தார். ஆர்டர் பார்ப்பதும் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவதும் நான். பேக்கிங் அவர் பொறுப்பு.

"கொடம் நசுங்காம இருக்க உள்ள என்னா வச்சீங்க?"

"பேப்பர்லா. மாமா வீட்டுல கட்டுக் கட்டா கெடந்துச்சு. சாமி சாமானுக்குத் தமிழ்ப் பேப்பர்தான் பொருத்தம்னு நெனச்சேன்."

"இந்த மூஞ்சி யாரு?"

ஃபோனை வாங்கி உற்றுப் பார்த்தார். "யாரோ டத்தோ. பொறந்தநாள் வாழ்த்து போட்டுருக்காங்க."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழில் பேசுவார், சண்டை போடுவார்; படிக்க மட்டும் ஓரெழுத்து வராது. நம் பேப்பர்களில் அரசாங்கப் பட்டம் வாங்கிய டத்தோவுக்கும் மாலை, செத்தவருக்கும் மாலை. கீழே எழுதியிருப்பதைப் படித்தால்தான் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியும். அது கருமக்கிரியை அறிவிப்பு என்று நான் சொன்னதும் உட்கார நாற்காலி தேடினார். நாற்காலி மேலும் குடம்தான் இருந்தது.

கடை போய்விடுமே என்ற பயத்தைவிட லாரன்ஸ் போய்விடுவாரே என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பாயான் பாரு பக்கத்து ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். நான் எழும்போது அவர் படுப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம். கடை நன்றாக ஓடத் தொடங்கியதும் நான்தான் நச்சரித்து அவரை வேலையை விட வைத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு வீட்டில் ஒரு புருஷன் இருப்பதாகவே தோன்றியது. தைப்பூச வியாபாரம் படுத்துவிட்டால் அவர் திரும்பவும் அந்த ஷிஃப்டுக்குத்தான் போயாக வேண்டும்.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் ஃபேஸ்புக், டிக்டாக் என்று ஊர் சுற்றிவிட்டது. ஆர்டர்கள் மளமளவென்று ரத்தாயின. ஸ்டார் இறங்க இறங்க, தேடலில் என் கடை எங்கேயோ அடியில் போய்விட்டது. லாரன்ஸ் பால்கனியில் நின்று, ஃபேக்டரியில் அவருக்கு மேலே இருந்த பழைய லைன் லீடர் ஹைக்கலிடம் மறுபடி வேலைக்கு இடமிருக்குமா என்று மலாயில் கேட்டது என் காதில் விழுந்தது. விசாரித்துச் சொல்வதாக ஹைக்கல் சொன்னாராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கோபத்தோடேயே ஜெயலெட்சுமிக்கு மெசேஜ் போட்டு நம்பர் கேட்டேன். திட்டுவதற்காகவே கொடுத்தார்.

"ஏம்மா, எம்மக மாசமா இருக்கா. அவளுக்காக வேண்டிக்கிட்டு எடுக்குற கொடம். தொறந்தா சாவு செய்தி. பெத்தவளுக்கு எப்படி இருக்கும்?"

நியாயமான பேச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது. "தப்புதான்க்கா. வேணும்னு செய்யல. எங்க வீட்டுக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படத்தப் பாத்து டத்தோன்னு நெனச்சுட்டாரு."

"டத்தோவா?" என்றார். சிரிப்பை அடக்குகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் திட்டு நிற்கவில்லை.

"எம்புருஷனுக்கும்தான் படிக்கத் தெரியாது, அதுக்காக? இவ்ளோ நல்ல கொடம் விக்கிறீங்க, உள்ள வைக்க ஒரு நல்ல பொருள் கெடைக்கலியா? இனிமே நா வேற கொடம் தேடணும், வாய் கட்ட மஞ்சத் துணி தேடணும், கயிறு தேடணும். இந்த முட்டி வலியோட கட கடையா ஏறி எறங்கணும்."

திட்டு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. பால்குடம் வாங்குகிற எல்லோரும் அதன் வாயைக் கட்ட மஞ்சள் துணி வாங்கியே தீர வேண்டும். அதையே சுருட்டிக் குடத்துக்குள் வைத்தால் குடமும் நசுங்காது, அவர்களும் அலைய வேண்டாம்.

"அக்கா, புதுக் கொடம் அனுப்புறேன். துணி, கயிறு எல்லாம் உள்ளயே இருக்கும். பழசத் திருப்பி அனுப்ப வேணாம்."

"அனுப்பு, பாக்கலாம்" என்று ஃபோனை வைத்தார்.

லாரன்ஸை இழுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் முகம்மது அண்ணன் துணிக்கடைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் மஞ்சள் துணியைக் கட்டோடு இறக்கி, தாராளமாக வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, கட்டி வைத்திருந்த பார்சல் அத்தனையையும் பிரித்துப் பேப்பரை எடுத்தோம். முதல் புதுக் குடம் ஈப்போவுக்குப் போனது.

அந்த ரிவியூவுக்குக் கீழே நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன், டத்தோ கதை உட்பட. "மானத்த வாங்குறியே" என்றார் லாரன்ஸ். வாங்கினேன்தான். கடையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. ஆனால் அந்தப் பதிலும் பரவியது. "எங்க வீட்டுலயும் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது" என்றார்கள் சிலர். "எங்கப்பாவும் அந்தப் படத்தப் பாத்து டத்தோன்னுதான் சொன்னாரு" என்றாள் ஒரு பெண்.

புதுக் குடம் கைக்கு வந்ததும் ஜெயலெட்சுமி ஒரு வீடியோ போட்டார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, குடத்துக்குள்ளிருந்து மஞ்சள் துணியை உருவி உதறிக் காட்டினார். "தப்பு செஞ்சாங்க, நா திட்டுனேன், திருத்திக்கிட்டாங்க. துணி, கயிறு எல்லாம் உள்ளயே வருது. தைரியமா வாங்குங்க." ஒரு ஸ்டார் ஐந்தாகிவிட்டது. எங்களை நாறடித்த அதே வாயால் எங்களுக்கு விளம்பரம் கிடைத்தது.

ரத்து செய்தவர்கள் திரும்பி வந்தார்கள், வரும்போது சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கெடாவிலிருந்து ஜொகூர் வரை ஆர்டர். ஃபோனுக்கு ஓய்வே இல்லை. தேடலில் மறுபடி என் கடைதான் முதலில். என் குடத்தைப் பார்த்துக் காப்பியடித்த கடைகளெல்லாம் எனக்குக் கீழே கிடந்தன. பார்சல் எடுக்க வந்த கூரியர்காரர் வாசலிலேயே நின்று, அடுத்த முறை லாரிதான் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார். ஆமாம், கொண்டு வாருங்கள் என்றேன். ஜெயித்துவிட்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? அன்றைக்கு நான் நடந்த நடையே வேறு.

அந்த மும்முரத்தில்தான் லாரன்ஸின் ஃபோன் அடித்தது. ஹைக்கல். லாரன்ஸின் இரண்டு கையிலும் குடம் இருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டேன். இடம் கிடைத்துவிட்டது, அதே நைட் ஷிஃப்ட்தான், திங்கட்கிழமையே வரலாம், ஆனால் இப்போதே பதில் வேண்டும் என்றார் ஹைக்கல் மலாயில்.

நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். வேலையை விடச் சொன்னது நான்; இந்தப் பதிலாவது அவருடையதாக இருக்கட்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

லாரன்ஸ் குடங்களைக் கீழே வைத்தார். மரியாதையாக நன்றி சொன்னார். பிறகு மலாயிலேயே, "இப்போதெல்லாம் எனக்கு ராத்திரியானால் தூக்கம் வந்துவிடுகிறது, ஹைக்கல். நான் வரவில்லை. எங்கள் கடையிலேயே ஆள் போதவில்லை, நீ வேண்டுமானால் இங்கே வந்துவிடு" என்றார்.

ஹைக்கல் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பகல் வேலையா என்று கேட்டார்.