ஒற்றை நாற்காலி வீட்டுக்கு ஒரு சுற்றுலா

ஊரின் மேட்டுப் பக்கத்தில் ஒரு பழைய பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் ஓவியர்களும் கவிஞர்களும் நாடகக்காரர்களும் அங்கேதான் அடைந்து கிடந்தார்கள். இரவு பகல் பார்க்காமல் பாட்டும் சண்டையுமாக இருந்ததால் அக்கம்பக்கத்தார் அவர்களைத் திட்டித் தீர்த்தார்கள்; பெற்றவர்கள் தலைமுழுகினார்கள். எல்லோரும் செத்து, இனிமேல் ஒருத்தரும் பாடப் போவதில்லை என்று உறுதியான பிறகு, அதே வீடுகளின் சுவரில் பெயர் பொறித்த கல்லைப் பதித்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பம் குடும்பமாகப் போய் அந்தக் கல்லைப் பார்த்து ‘ஆகா’ என்கிறார்கள். கலைஞர்களை எப்போது மதிக்க வேண்டும் என்று தெரிந்த ஜனங்கள்.

அந்த இடத்துக்கு நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாமே என்று சின்னவள் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தாள். எடுத்துவிட்டு அப்பாவின் முகத்தை மட்டும் பார்க்காமல் தண்ணீர் குடித்தாள்.

பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பகுதியில் இன்னும் சாகாத ஓவியர் ஒருவரும் குடியிருக்கிறார். அவர் இந்த வீட்டுப் பெரியவள், சின்னவளின் அக்கா. நாலு பேர் காலைப் பிடித்து அப்பா வாங்கிக் கொடுத்த ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, படம் வரையப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள். அப்பா லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு லிஃப்டில் ‘உபயோகிக்கக் கூடாது’ என்று அவர் சீட்டு ஒட்டினால், எப்பேர்ப்பட்ட ஆளும் மூச்சு வாங்கப் படியேறித்தான் போக வேண்டும். அதே சீட்டை அன்றைக்கு மகள் மீதும் ஒட்டினார். அவளை யாரும் போய்ப் பார்க்கக் கூடாது, அவள் பேச்சே இந்த வீட்டில் கூடாது. அம்மா சரி என்று தலையாட்டினாள். சின்னவளும் ஆட்டினாள். அன்றிலிருந்து அந்த வீடு பரம சாதுவாகக் கீழ்ப்படிந்து வந்தது.

சின்னவள் எவ்வளவு கீழ்ப்படிந்தாள் என்றால், மாதம் தவறாமல் அக்காவைப் போய்ப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிறார்கள் என்று ஒரு பொய்யை வீட்டில் சொல்லிவிட்டு மூன்று மாடி ஏறுவாள். அக்காவின் அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் தங்கையை உட்கார வைத்துவிட்டு அக்கா சாயப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்காருவாள். இன்னொரு நாற்காலி வாங்கினால் என்ன என்று கேட்டால், எதுக்கு, இது போதும் என்று சிரிப்பாள். பாவம், வேறு யாரும் வருவதில்லை போலிருக்கிறது என்று சின்னவள் நினைத்துக்கொள்வாள். அப்புறம் ஒரு நாள் பார்த்தால், ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக்கால் கெட்டியாக நின்றது. அடுத்த முறை அதன் மேல் ஒரு திண்டு இருந்தது. கேட்டால் அக்கா மழுப்பினாள். சரி, கைவேலை தெரிந்த நல்ல மனிதர் ஒருவர் அக்காவுக்குத் துணையாகக் கிடைத்துவிட்டார் என்று சின்னவள் முடிவு கட்டினாள். அந்த மனிதரை அவளுக்கு ரொம்பப் பிடித்தும் போயிற்று.

இப்போது விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குக் கீழேயே இருக்கிற கூடத்தில் அவளுடைய படங்களை மாட்டுகிறார்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவை, அதுவும் ஒரே ஒரு நாள். அப்பா வந்தா நல்லாருக்கும் என்று அக்கா சொன்னாள். சொன்ன வேகத்திலேயே, வரலேன்னாலும் பரவால்ல என்றும் சொல்லி, தூரிகையைக் கழுவப் போய்விட்டாள். கழுவிக்கொண்டே இருந்தாள். அப்பாவை எப்பாடுபட்டாவது அந்தக் கூடத்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று சின்னவள் அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டாள். அதற்குத்தான் இந்தச் சுற்றுலா.

அப்பா மறுப்பார், அதற்குப் பதில் சொல்லலாம் என்று நாலைந்து காரணங்களை அவள் தயாராக வைத்திருந்தாள். அப்பாவோ, “போலாமே, பழைய கட்டிடமெல்லாம் பாத்து ரொம்ப நாளாச்சு” என்றார். அம்மா காற்றாட நடந்தால் நல்லதுதான் என்றாள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று இரண்டு பேரும் கேட்கவே இல்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சின்னவள் பூரித்துப் போனாள்.

ஏற்பாட்டை அவள் கணவர் கையில் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை பஸ் கம்பெனியில் தடம் போடுகிறவர். எந்த பஸ் எந்தத் தெருவில் நுழைந்து எங்கே திரும்ப வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போட்டுச் சம்பளம் வாங்குகிறார். மனைவிக்கு ஓர் அக்கா உண்டு, எங்கேயோ இருக்கிறாள் என்கிற அளவுக்குத்தான் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் சொன்னால் அவர் வாயில் தங்காது என்பது சின்னவளுக்குத் தெரியும். சுதந்திரமாகத் திரிந்தவர்களின் பேட்டையைச் சுற்றிப் பார்க்க, தையல்காரியான அம்மா தன் துணிகளை ஒதுக்கிவிட்டுக் கொடுத்த மேசையில், மனிதர் அளவுகோல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டார். எங்கே நிற்பது, எங்கே வியப்பது, எங்கே சிறுநீர் கழிப்பது எல்லாம் அதில் இருந்தது. மனம் போன போக்கில் நடப்பதற்கும் ஒரு தெரு ஒதுக்கியிருந்தார்.

“இந்தப் பின்சந்துல பேர் போட்ட கல்லு ஒண்ணுகூட இல்ல மாமா. சுத்த வேஸ்ட். வெட்டிட்டேன்.”

அக்கா வீட்டுச் சந்துதான் அது. சின்னவளுக்குப் பகீரென்றது. எதையாவது உளறிக் காப்பாற்றலாம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். அந்தச் சந்து முனையில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் உண்டு, தண்ணீர் ஜில்லென்று வரும், அதை விடக் கூடாது என்றாள். அப்பாவும், சந்து வழியாகப் போனால் வெயில் படாது, ஆனால் ரொட்டிக்கடைக்கு எதிரே பாதாளச் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது, ஓரமாகப் போக வேண்டும் என்றார். அந்தப் பக்கமே காலெடுத்து வைக்காத இரண்டு பேர்.

சின்னவளுக்குத் தன் கண்ணாடிக் கடை ஞாபகம் வந்தது. அங்கே சில பேர் வருவார்கள். பார்வை மங்கியது தெரிந்துவிடக் கூடாதென்று, போன தடவை பார்த்த எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பலகையில் விளக்குப் போடுவதற்கு முன்பே கடகடவென்று ஒப்பிப்பார்கள். அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். இப்போது மேசையின் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தக் குரல்தான் வந்தது.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்தச் சந்தில் ஒரு பழைய மாடி வீடு இருக்கிறதாம், மேலேயிருந்து பார்த்தால் ஊரே தெரியுமாம், ஆனால் மாமாவின் முட்டிவலிக்கு அது சரிப்படாது, லிஃப்ட் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும் என்றார்.

லிஃப்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவுக்குள் இருந்த பரிசோதகர் விழித்துக்கொண்டார்.

“லிஃப்டாவது ஒண்ணாவது. மூணு மாடியும் படிதான். ரெண்டாவது திருப்பத்துல கைப்பிடி வேற ஆடுது.”

“இன்னுமா ஆடுது?” என்றாள் அம்மா. “போன வாரம் என் பை அதுலதான் மாட்டிக்கிச்சு.”

அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை மட்டும், கைப்பிடி ஆடும் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டார்.

சின்னவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். அடப் பாவிகளா! எத்தனை பொய், எத்தனை சரக்குக் கணக்கு, திரும்பி வரும்போது சட்டையில் சாயவாடை அடிக்கிறதா என்று எத்தனை தடவை மோந்து பார்த்திருக்கிறாள். எல்லாம் யாருக்குப் பயந்து? இந்த மனிதருக்கா?

“அந்த நாற்காலிக் காலைச் சரி பண்ணது நீங்களாப்பா?”

அப்பா வரைபடத்தையே உற்றுப் பார்த்தார். அந்தத் திண்டைத் தைத்தது தான்தான் என்று அம்மா தன் விரல்களிடம் சொன்னாள். அக்காவுக்குத் துணையாக வாய்த்த அந்த நல்ல மனிதர், கைவேலை தெரிந்தவர், இதோ எதிரே உட்கார்ந்து மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எல்லாம் வெளியே வந்தது. ஆளாளுக்கு ஒரு கிழமை, ஆளாளுக்கு ஒரு பொய். மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்று ஆளாளுக்குப் பெரியவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அவளும் மூன்று சத்தியத்தையும் காப்பாற்றியிருக்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்காக, எங்கோ சௌக்கியமாக இருக்கிற பழைய சிநேகிதர் ஒருவரைச் சாகடிக்க அப்பா தயாராக இருந்தாராம். அம்மா தன் பங்குக்கு ஒரு கல்யாணச் சட்டைக்கு அளவெடுக்கப் போவதாக இருந்தாளாம்.

“எந்த நாற்காலி? அது தடத்துல வருதா?” என்று மாப்பிள்ளை கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் பொழுது இல்லை.

சின்னவள் ஃபோனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசை நடுவில் வைத்தாள். அம்மாவும் பக்கத்தில்தான் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக வருகிறோம் என்றாள்.

“எல்லாருமா?” என்றாள் அக்கா. “படம் பாத்துட்டு மேல வந்து உக்காரணும்ல. எங்கிட்ட ஒரே ஒரு நாற்காலிதான்டி இருக்கு. நீங்கதான் எப்பவும் ஒவ்வொருத்தரா வருவீங்களே.”

வருபவர்கள் இல்லாமல் இல்லை; சேர்ந்து வருகிற தைரியம்தான் யாருக்கும் இல்லை. அதைச் சின்னவள் நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

அப்பா எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பார்த்தார்.

“நாற்காலி நாங்க கொண்டு வரோம்” என்றார்.

“அப்பா?” என்றாள் அக்கா. “அப்பா, பக்கத்துல அம்மா இருக்காங்க.”

“இருக்கட்டும்.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை, ஒருவழியாகத் தனக்குத் தெரிந்த விஷயம் வந்ததே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலியோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், வண்டிதான் பிடிக்க வேண்டும், நாம் நாலு பேர், அங்கே ஏற்கெனவே ஒன்று இருப்பதால் மூன்று கொண்டுபோனால் போதும் என்றார்.

“நாலு” என்றார் அப்பா. பிறகு ஃபோன் பக்கம் குனிந்தார். “அந்த நாற்காலியில நீ உக்காரு.”