நவம்பர் பதினேழின் நீர்மட்டம்

நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. மற்றவர்கள் தோட்டம் போடுவார்கள், பூங்காவில் நடப்பார்கள். இவர் அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு கம்ப்யூட்டரைத் திரும்பச் செய்யக் கிளம்பினார். அசல் இயந்திரம் ஒரு கூடம் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றதாம். இவருடையது உள்ளங்கை அளவுள்ள ஒரு போர்டு. அதற்குள் எந்த மின்சுற்று வேண்டுமோ அதை எழுதியே உண்டாக்கிக்கொள்ளலாம். பழைய கையேட்டின் நகல் இணையத்தில் கிடைத்தது. இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டி, பின்னறை மேஜையில் அந்த இயந்திரத்தை ஓட வைத்துவிட்டார்.

தெரிந்தவர்கள் எல்லாரும் இதைப் பொழுதுபோக்கு என்று நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இவரும் வாயைத் திறக்கவில்லை. உண்மையில் இத்தனை பாடும் மனைவிக்காக.

கல்யாணத்துக்கு முன் அந்த அம்மாள் துறைமுக அலுவலகத்தில் இருந்தவர். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும், முகத்துவாரத்து மணல்திட்டின் மேல் எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கும் என்று வருஷம் முழுமைக்கும் அட்டவணை போடுவது அவர் வேலை. கணக்கை அவரே எழுதி, காகித நாடாவில் துளைகளாகக் குத்தி, அந்தக் கூடத்து இயந்திரத்துக்குக் கொடுப்பார். இயந்திரம் அச்சடித்துத் தரும் தாளைப் பார்த்து அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் புத்தகம் போடுவார்கள். ஒரு வருஷம், நவம்பர் பதினேழு காலைக்குப் புத்தகத்தில் 2.4 என்று இருந்தது. அதை நம்பி உள்ளே வந்த கல் ஏற்றிய படகு மணலில் மோதிச் சாய்ந்தது. அன்று உண்மையில் நின்ற தண்ணீர் 1.4. படகோட்டிக்கு ஒரு கால் போயிற்று.

விசாரணையில் அச்சகம் கையை விரித்தது. தாளில் இருந்ததைத்தான் கோத்தோம் என்றார்கள். தாளோ அதற்குள் குப்பைக்குப் போயிருந்தது. புதியது வருகிறதென்று இயந்திரத்தையும் கழற்றிவிட்டார்கள். இயந்திரம் தப்புச் செய்யாது, ஆகவே அந்தப் பெண்தான் என்று அதிகாரி எழுதி முடித்தார். எவ்வளவு சுலபம் பாருங்கள். அந்த அம்மாள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்றால், தப்புத் தன்னுடையதுதானா என்று அவருக்கே தெரியவில்லை. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர், ஐம்பத்தாறு வருஷமாக அது தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறார்.

போன வாரம் மச்சான் வந்தார். மனைவியின் தம்பி, அவரும் அதே துறைமுகத்தில் கிடங்கைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். பழைய கிடங்கைக் காலி செய்தபோது கிடைத்தது என்று ஒரு தகர டப்பாவை நீட்டினார். உள்ளே சுருட்டி வைத்த காகித நாடா. மூடியில் ஒட்டிய சீட்டில் அக்காவின் கையெழுத்து, அந்த வருஷம். கூடவே அந்த வருஷத்து அட்டவணைப் புத்தகமும் ஒன்று.

"அக்காகிட்ட சொல்லலை அத்தான். முதல்ல நீங்க ஓட்டிப் பாருங்க."

"தப்பு அவமேலதான்னு வந்துட்டா?"

"வந்துட்டா, இந்த டப்பா நம்ம கண்ணுலயே படலைன்னு வெச்சுக்குவோம்."

மனைவி தையல்காரரிடம் போயிருந்த ஒரு காலை வேளையில் இருவரும் பின்னறைக் கதவைச் சாத்தினார்கள். துளைகளை வெளிச்சம் விட்டுப் படிக்கிற கருவியை மெக்கானிக் தானே பற்றவைத்துச் செய்திருந்தார். நாடா கிழிந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக அதை உள்ளே விட்டார். அசல் இரண்டு நாள் போட்ட கணக்கை இது நாலு நிமிஷத்தில் முடித்தது. பிரின்டர் தாளைத் தள்ளியது.

நவம்பர் பதினேழு, காலை: 2.3.

மெக்கானிக் அதைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். புத்தகத்து 2.4 அப்படியே வரவில்லைதான், ஆனாலும் 1.4 எங்கே, இது எங்கே. இந்த வேண்டாத வேலைக்கு இரண்டு வருஷத்தை வீணடித்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். தாளை மடித்துக் கருவிப் பெட்டிக்கு அடியில் செருகினார்கள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"ரெண்டு பேரும் ஏன் திருட்டு முழி முழிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்த அம்மாளின் கண், மேஜைமேல் இருந்த டப்பாவில் போய் நின்றது. தன் கையெழுத்து யாருக்குத்தான் தெரியாது. பையைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு வந்துச்சு?"

பொய் சொல்லலாம் என்று மெக்கானிக் நினைத்தார். நாக்கு எழவில்லை.

"ரெண்டு புள்ளி மூணு."

அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்போ நான்தான்," என்றார். அவ்வளவுதான். அழுதிருந்தாலாவது தேவலை என்று இருந்தது மெக்கானிக்குக்கு.

பிறகு அந்த அம்மாள் கையை நீட்டி, "தாளைக் குடுங்க," என்றார். ஒரு பக்கம் தாள், ஒரு பக்கம் புத்தகம், ஜனவரியிலிருந்து விரலை ஓட்டினார். ஜனவரி சரியாக இருந்தது. மார்ச்சில் தாளில் 0.2 கூடுதல். ஜூனில் 0.5. விரல் அங்கே நின்றது.

"என்னங்க இது? புத்தகத்துல தப்பு அந்த ஒரு காலைலதான். மத்த நாளெல்லாம் படகுங்க நல்லாத்தான் வந்து போச்சு. உங்க தாள்ல எல்லா நாளும் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போகுதே. பெருக்கினதும் இடம் பத்தாம கடைசியில சில இலக்கம் மிஞ்சுதே, அதை உங்க மெஷின் என்ன பண்ணுது?"

"பாதிக்கு மேல இருந்தா ஒண்ணு கூட்டிக்கும்."

"கையேட்டுல அப்படியா போட்டிருக்கு?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "வெட்டிப் போட்டுடும்னு போட்டிருக்கு. யாராவது அப்படி அரைகுறையா விடுவாங்களா? அச்சுப் பிழையா இருக்கும்னு நான்தான் சரி பண்ணினேன்."

தரைக்கு அரை அங்குலம் கீழே ஒரு லிஃப்ட் நின்றால் சோறு இறங்காத மனுஷன். வேறு என்ன செய்வார்.

"மெஷினைப் பண்ணினவங்களைவிட நீங்க பெரிய ஆளா?" என்றார் மனைவி. "அது வெட்டிடும்னு தெரிஞ்சுதானே ஒவ்வொரு பெருக்கலுக்கும் அந்த மிச்சத்தோட நானே பாதியைச் சேர்த்து எழுதினேன். நீங்களும் உங்க பங்குக்குச் சேர்த்தா, வருஷக் கடைசியில எங்க போய் நிக்கும்?"

மெக்கானிக் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் கெட்டிக்காரத்தனத்தை ஒரு வரி விடாமல் தேடி அழித்தார். போர்டில் மறுபடி ஏற்ற அரைமணி ஆயிற்று. அதுவரை அந்த அம்மாள் அசையவில்லை. தாள் வந்ததும், "நீங்க பாக்காதீங்க, நான் பாக்கிறேன்," என்று வாங்கிக்கொண்டார்.

நேரே நவம்பருக்குப் போகவில்லை. மார்ச் சரி. ஜூன் சரி. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், எல்லாம் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தன. நவம்பர் பதினாறு சரி.

"ஒண்ணு புள்ளி நாலு," என்றார்.

மூன்று தடவை படித்தார். பதினெட்டையும் பார்த்தார், அதுவும் சரி. அச்சகத்தில் யாரோ ஒன்றுக்குப் பதில் இரண்டைக் கோத்திருக்கிறார்கள்.

"நான் தப்புப் பண்ணலைங்க."

"இல்ல."

"வாயால சொல்லுங்க."

"நீ தப்புப் பண்ணல," என்றார் மெக்கானிக். சொல்லும்போதே அவருக்குத்தான் முதலில் அழுகை வந்தது. அவர் மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையில் தன் முகத்தையும் புதைத்துக்கொண்டார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்க நேரம் எடுத்தது. பிறகு சிரித்தார், இத்தனை வருஷத்தில் மெக்கானிக் பார்த்திராத சிரிப்பு அது.

மச்சானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "துறைமுகத்துக்கு இன்னைக்கே எழுதறேன்கா. அந்த அச்சகத்தோட பழைய பதிவெல்லாம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நவம்பர் பக்கத்தைக் கோத்தவன் யாருன்னு ஒரே நாள்ல கண்டுபிடிச்சுடலாம்."

"துறைமுகத்துக்கு எழுது. நாடா சரியா இருந்துச்சுன்னு எழுது. அந்த ஆளைத் தேடாதே."

"ஏன்கா? அவனாலதானே நீ இத்தனை வருஷம்…"

"அவருக்குத் தெரிஞ்சே இருக்காது. எங்கேயோ பேரன் பேத்தியோட நிம்மதியா இருப்பாரு." அவர் தாளை மடிமேல் வைத்து நீவிக்கொண்டார். "நம்மாலதான் ஒருத்தருக்குக் கால் போச்சுன்னு நினைச்சுக்கிட்டே காலைல கண்ணு முழிக்கிறது எப்படின்னு எனக்குத்தான்டா தெரியும். இன்னொருத்தருக்கு அது வேண்டாம்."