மழைக்கோட்டின் கை

லிமோஜ் நகரிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேரை ஒரு வாரத்துக்குப் மேற்கே பிரிட்டனி வட்டாரக் கடற்கரைக்குக் கூட்டிவந்த கெர்வெல் வாத்தியார், முதல் நாளே இரண்டு சட்டம் போட்டார். நண்டு தேடிப் புரட்டிய கல்லைப் பழையபடியே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் அடியில் குடியிருப்பவை செத்துப்போகும். விசில் ஊதினால் அவரவர் ஜோடியின் கையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். ஜோடியைக் காணாத பிள்ளை நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது.

ஓரியானுக்கு வாய்த்த ஜோடி க்ளோத்தேர். வகுப்பில் அவனுக்கு நத்தை என்று பெயர். கல்லைப் பற்றிய சட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஒரே பிள்ளை அவன்தான். மற்றவர்கள் ஒன்றைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவினால், இவன் மண்டியிட்டு, பாசி படர்ந்த பக்கம் மேலே வருகிறதா என்று பார்த்துப் பார்த்து வைப்பான். ஓரியானுக்கோ பொறுமை என்பதே கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. க்ளோத்தேர் தன் மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"இதைக் கொஞ்சம் பிடி. குனியவே முடியல."

"சீக்கிரம் வாடா நத்தை! ஃபோஸ்தின் பெரிய நண்டு புடிச்சிருக்காளாம். முதல்ல போற ஜோடிதான் வாளியைத் தூக்கிட்டு வரலாமாம்."

"இன்னும் நாலு கல்லுதான். எல்லாம் நீ பொரட்டிப் போட்டது."

பார்த்துவிட்டு ஒரு நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் ஓடினாள். முதலில் போய்ச் சேர்ந்ததால் வாளி அவள் கைக்கே வந்தது. நண்டு அவள் இரண்டு உள்ளங்கை அகலம் இருந்தது. வேடிக்கையில் நேரம் போனதே தெரியவில்லை. அப்போது வாத்தியார் விசில் ஊதினார். கடல் கரைக்குத் திரும்பி ஏற ஆரம்பித்துவிட்டது.

"சார், அவன் இன்னும் வரல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் போய்க் கூட்டிவா என்பார், வாளி கைமாறிவிடும். ஓரியான் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, கோட்டின் கையைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்து உயர்த்தினாள். அத்தனை மஞ்சள் கோட்டுகளுக்கு நடுவே வாத்தியார் பன்னிரண்டு ஜோடி எண்ணினார், நடந்தார். எப்போதும்போல அவன் பின்னாலேயே வந்துவிடுவான் என்று அவளும் வாளியோடு நடந்தாள்.

கரைமேட்டில் ரொட்டியும் சாக்லேட்டும் கொடுக்கும்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் நடந்துவந்த மணலெல்லாம் தண்ணீர். அதற்கு அப்பால் ஒரு பாறைமேல் க்ளோத்தேர், நீலச் சட்டையோடு, அசையாமல் நின்றிருந்தான்.

"சார்! க்ளோத்தேர் அங்க இருக்கான்!"

வாத்தியார் செருப்போடு பாய்ந்தார். மார்பளவுத் தண்ணீரில் போய் அவனை முதுகில் சுமந்துவந்தார். இரண்டு பேருக்கும் பல் கிட்டித்துவிட்டது.

விடுதிக்கு வந்ததும் அவர் தலைமையாசிரியைக்குப் போன் செய்தார். சாப்பாட்டுக் கூடம் முழுவதும் கேட்டது.

"ஆமாங்க மேடம். எண்ணினது நான்தான். தப்பு என்மேலதான்... சரி, இன்னைக்கே கிளம்பி வந்துடறேன். வேற யாரையாவது அனுப்புங்க."

"பாவம் சார். கண்ணு சரியாத் தெரியல போல" என்றாள் ஃபோஸ்தின்.

ஓரியான் சூப்பை ஒதுக்கி வைத்தாள். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை நாற்காலியைப் பின்னால் தள்ளினாள், மூன்று முறையும் உட்கார்ந்துவிட்டாள். தன்னைப்போல ஒரு கோழை உலகத்திலேயே இருக்க முடியாது என்று தோன்றியது.

சாயங்காலம் க்ளோத்தேரின் அம்மா வந்து சேர்ந்தார். ஐந்து மணிநேரம் தனியாகக் கார் ஓட்டிவந்தவர், மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். பெட்டியோடு வாசலில் நின்ற வாத்தியாரைப் பார்த்து, "உங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். பிறகு நேராக ஓரியானிடம் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"நீதானாம்மா ஓரியான்? நீ மட்டும் பாக்கலேன்னா என் புள்ள எனக்கில்லம்மா."

அந்த முத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை.

"சார் சரியாத்தான் எண்ணினாரு" என்றாள். "நான்தான் அவனை விட்டுட்டு வந்தேன். அவனோட கோட்டுக் கையைத் தூக்கிக் காட்டி ஏமாத்தினேன். வாளிக்காக."

அம்மா அவள் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். வாத்தியார் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அம்மா மகன் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமாடா?"

"தெரியும்மா. பாறைமேலேர்ந்து பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்டா ஓடி வரல?"

"ஜோடி இல்லேன்னா அசையக்கூடாதுல்ல. அவ வருவான்னு நின்னேன்."

"சரி, அப்புறமாவது சொல்லியிருக்கலாமே! சாரைப் போய் நான் அப்படிப் பேசிட்டேனே!"

க்ளோத்தேர் ஓரியானை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொன்னா, அப்புறம் எனக்கு ஜோடியா யாரும்மா வருவா?"